ஆன்லைன் வகுப்பின் முதல் பத்து நிமிடம்: மலை மாணவர்களிடம் எந்த ஐஸ்பிரேக்கர் எடுபடும்?

நீலகிரியில் ஒரு கல்லூரி வகுப்பு ஆன்லைனில் கூடினால் பந்தலூர், குந்தா, கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படகர் கிராமம்), ஊட்டி நகரம் என நாலா திசையிலிருந்தும் மாணவர்கள் வருவார்கள். திரையில் தெரிவது என்னவோ கறுப்புக் கட்டங்களும் பெயரின் முதலெழுத்தும்தான். பாடத்துக்கு முன் ஐஸ்பிரேக்கர் எனப்படும் ஓர் அறிமுக விளையாட்டு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எந்த விளையாட்டு என்பதில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. என் அளவுகோல் ஒன்றே ஒன்று: சிக்னல் விட்டு விட்டு வரும் மாணவர், ஆங்கிலம் தடுமாறும் மாணவர், இவர்களும் மற்றவர்களுக்குச் சமமாக ஆட முடிகிறதா?

பலரும் முதலில் கையிலெடுப்பது ‘இரண்டு உண்மை, ஒரு பொய்’. ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மூன்று செய்தி சொல்ல, அதில் எது பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பன்னிரண்டு பேர் உள்ள முதுகலை வகுப்புக்கு இது அருமை. அறுபது பேர் உள்ள பி.காம். வகுப்பில் ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலே ஒரு மணி நேரம் போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. சுற்றுலா போனவர், கராத்தே கற்றவர், மேடை ஏறியவர் ஆகியோரிடம் சொல்ல ஏதாவது இருக்கும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண், ‘என்னிடம் என்ன இருக்கிறது?’ என்று ஒதுங்கிக்கொள்வாள். இதை நான் இப்படி மாற்றிக்கொள்வேன்: மூன்று செய்திகளையும் ஆசிரியரே ஊரைப் பற்றிச் சொல்லட்டும். மலை ரயில் ஊட்டியை எட்டியது 1908இல். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். தாவரவியல் பூங்கா சுதந்திரத்துக்குப் பிறகு தொடங்கியது. எது பொய் என்று எல்லோரும் திரையில் வரும் வாக்கெடுப்பில் (poll) வாக்களிக்கட்டும். (பூங்கா 1848இலேயே வந்துவிட்டது.) இரண்டு நிமிடத்தில் முடியும், யாரும் தன் வாழ்க்கையைத் திறந்து காட்ட வேண்டியதில்லை.

‘வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கேமராவில் காட்டு’ என்பதை முதல் வகுப்பில் நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஜூமில் குரலுக்கு மட்டும் வினாடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும். தெளிவான வீடியோவுக்கு, இருவர் பேசும் அழைப்பிலேயே, 600 வரை வேண்டும். அந்த வித்தியாசம்தான் மேட்டில் நின்று ஒரு கோடு சிக்னலில் சேர்ந்திருக்கும் மாணவரை வெளியே தள்ளுகிறது. எஸ்டேட் லைன் வீட்டின் ஒற்றை அறையில், பின்னால் அம்மா சமைத்துக்கொண்டிருக்க, கேமராவைப் போடு என்பது கொடுமையும்கூட. திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது களைப்புக்கு ஒரு காரணம் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதினார். காட்டச் சொல்வதற்குப் பதிலாக, கைக்கு எட்டும் பொருளைப் பெயர் சொல்லாமல் வாயால் விவரிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

கஹூட் என்ற ஆன்லைன் வினாடி வினா விளையாட்டு கலகலப்பானதுதான். ஆனால் அதில் வழக்கமாக வேகத்துக்கு மதிப்பெண் உண்டு. பதில் தெரிந்திருந்தும் நெட் தாமதித்தால் பட்டியலின் அடியில் நிற்க வேண்டும். ஒரே போனில் வகுப்பும் விளையாட்டும் மாறி மாறித் திறப்பது வேறு.

நான் முதலிடம் தருவது சாட் பெட்டிக்கு. ஒரு கேள்வி கேட்டு, எல்லோரையும் தட்டச்சு செய்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லி, மூன்று எண்ணியதும் ஒரே நேரத்தில் அனுப்ப வைக்கும் முறை இது. அடுத்தவர் பதிலைப் பார்த்து எழுத வழியில்லை. தாமதமாக வந்த பதிலும் பதில்தான். தமிழிலோ தங்கிலீஷிலோ எழுதலாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கேள்விதான் உயிர். ‘பிடித்த நிறம் எது?’ என்றால் பதில் அதோடு செத்துவிடும். ‘இப்போது உங்கள் ஜன்னலுக்கு வெளியே என்ன வானிலை?’ என்று ஜூலையில் கேளுங்கள். தேவாலாவில் கொட்டுகிறது என்பார் ஒருவர், ஊட்டியில் மிஸ்ட் என்பார் இன்னொருவர், கோத்தகிரியில் வெயில் என்று மூன்றாமவர் எழுதுவார். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டித் தீர்ப்பதும், கிழக்குப் பக்கம் வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்பதும் சாட்டிலேயே தெரிந்துவிடும். புவியியல் ஆசிரியர் அங்கிருந்தே பாடத்துக்குள் போகலாம். வணிகவியல் ஆசிரியருக்குப் பச்சைத் தேயிலை விலை இருக்கிறது.

ஒரு கேள்வியை மட்டும் கவனமாகக் கையாள வேண்டும்: ‘உங்கள் வீட்டு மொழியில் ஒரு சொல்’. படகர்களின் படகு மொழி, இருளர்களின் இருளம், பணியர் மொழி, மலையாளம், கன்னடம் எல்லாம் ஒரே வகுப்பில் இருக்கும் மாவட்டம் இது. எல்லோரும் ஒன்றாக எழுதும்போது அது அழகு. ஒரு பழங்குடி மாணவரின் பெயரைச் சொல்லி, ‘நீ சொல்லுப்பா’ என்று கேட்டால் அவரைக் காட்சிப்பொருளாக்கிவிடுகிறோம்.

நட்பு உண்டாக்குவதில் பிரேக்அவுட் ரூமை, அதாவது வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியே பேச வைக்கும் வசதியை, எதுவும் மிஞ்ச முடியாது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சாட்டில் பெயர் தெரியும், ரூமில்தான் குரல் தெரியும். முதல் நாளே அறிமுகமில்லாதவரோடு தனியே விட்டால் பலர் மியூட்டில் அமர்ந்திருப்பார்கள் என்பதால் இதை இரண்டாம் வாரத்துக்கு வைத்துக்கொள்கிறேன். இருவராகப் பிரிக்காமல் மூவராகப் பிரியுங்கள். ஒருவரின் இணைப்பு அறுந்தாலும் மற்ற இருவர் பேசிக்கொண்டிருப்பார்கள். நான்கு நிமிடம், ஒரே கேள்வி போதும். இலவச ஜூமில் கூட்டமே 40 நிமிடம்தான் என்பதால் அதற்கு மேல் நீட்ட முடியாது. திரும்பி வந்ததும் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் மற்ற இருவரைப் பற்றி, பெயர் சொல்லி, ஆளுக்கு ஒரு வரி பேசட்டும். பேச வராதவர் அதையே சாட்டில் எழுதட்டும்.