கில்டில் முடிவெடுப்பது யார்: தலைவரா, ஆபிசர்களா, எல்லோருமா?

ஆன்லைன் ஆட்டத்தில், ஒரே பாஸிடம் (பெரிய வில்லனிடம்) பதினோராவது முறையாக மொத்த அணியும் செத்து விழுந்திருந்தது. வாய்ஸ் சேனலில், ரெய்டை, அதாவது பாஸை வீழ்த்தும் கூட்டுச் சண்டையை, நடத்தும் லீடர், "இதே பிளான்தான், இன்னொரு தடவை போவோம். யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். நான் ஹீலர், அடிபட்டவர்களுக்கு உயிரேற்றுவது என் வேலை. பாஸ் இரண்டாம் கட்டத்துக்குப் போனதும் அணி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, அதனால் பாதிப் பேருக்கு என் ஹீல் எட்டுவதில்லை. நாலாவது சாவிலேயே அது எனக்குத் தெரிந்துவிட்டது. மைக் பட்டன்மேல் விரல் இருந்தது. அழுத்தவில்லை. ரெய்டு முடிந்த பிறகு இன்னொரு ஹீலர் தனியாக மெசேஜ் அனுப்பினார்: "உங்களுக்கும் ரேஞ்ச் எட்டலையா?"

அந்த கில்டில், அதாவது சேர்ந்து ஆடும் எங்கள் குழுவில், உட்சண்டையே வராது என்று எங்களுக்கெல்லாம் பெருமை. அதற்குப் பிறகு வேறு விதமாக நடக்கும் கில்டுகளிலும் ஆடிவிட்டேன். எங்கே சண்டை குறைவு என்று இப்போது நான் பார்ப்பதில்லை. தப்பு என்று தெரிந்தவரால் அதை வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா என்றுதான் பார்க்கிறேன். கீழே இருப்பது அந்த அளவுகோலில் போட்ட கணக்கு.

தலைவர் சொல்வதே முடிவு

சண்டைக்கு நடுவில் இதைவிட நல்ல முறை கிடையாது. பாஸ் தீயைக் கக்கும்போது இடப்பக்கமா வலப்பக்கமா என்று ஓட்டெடுக்க முடியாது. உட்பூசலும் சீக்கிரம் அடங்கும். ஆனால் தலைவரின் கண்ணுக்குப் படாதது கில்டின் கண்ணுக்கும் படாமல் போகும். தலைவர் சலித்துப்போய் ஆட்டத்தை விட்டால் கில்டும் அன்றோடு கலைந்துவிடும்.

அதிகாரம் ஒரே சாவியில் இருப்பதன் ஆபத்துக்கு ஈவ் ஆன்லைன் என்ற ஆட்டம் ஒரு பாடம். 2009-இல் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற பெரும் கூட்டணியின் டைரக்டர் ஒருவர் எதிரியான கூன்ஸ்வார்ம் பக்கம் சாய்ந்தார். கூட்டணியைக் கலைக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்தது, கலைத்துவிட்டார். ஆயிரக்கணக்கானோர் வருடக்கணக்கில் கட்டியதற்கு ஒரு ஆளின் ஒரு முடிவு போதுமானதாக இருந்தது.

ஆபிசர்கள் குழு

பெரும்பாலான கில்டுகள் இங்கேதான் வந்து நிற்கின்றன. தலைவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் ஐந்தாறு பேர் கூடிப் பேசுவதால் நியாயமாக இருக்கும் என்று தோன்றும். கூட்டுச் சிந்தனை, அதாவது இணக்கத்துக்காக எல்லோரும் ஒரே மாதிரி யோசிப்பது, ஆழமாக வேர்விடுவதும் இங்கேதான்.

உளவியலாளர் இர்விங் ஜானிஸ் 1972-இல் இதைப் பற்றி எழுதியபோது எடுத்துக்கொண்டது, கியூபாவின் பிக்ஸ் விரிகுடாவில் அமெரிக்கா 1961-இல் நடத்தி, தோற்றுப்போன படையெடுப்பு. அதிபர் கென்னடியைச் சுற்றியிருந்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. ஒருவருக்கொருவர் மிகவும் பிடித்துப்போனவர்கள். அந்த இணக்கத்தைக் கெடுக்க மனமில்லாமல் சந்தேகத்தை விழுங்கிக்கொண்டார்கள். ஆபிசர் சேனலை ஒருமுறை உள்ளே இருந்து பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கூட்டம் தொடங்குமுன்பே இரண்டு பேர் தனியாகப் பேசி முடித்திருப்பார்கள். மூன்றாமவர் 'சரி' என்றதும் நாலாமவர் தலையாட்டுவார். வெளியிலிருந்து கேள்வி கேட்பவருக்கு "டிராமா பண்றார்" என்று பெயர் வந்துவிடும். அந்தப் பெயர் ஒருவர்மேல் விழுந்த பிறகு அவர் சொல்லும் உண்மையும் எடுபடாது.

லூட் பங்கீட்டில், அதாவது பாஸ் விழுந்ததும் கிடைக்கும் பொருளைப் பிரிப்பதில், இது அப்பட்டமாகத் தெரியும். அரிதான வாள் ஒன்று விழுகிறது. யாருக்குக் கொடுத்தால் அணிக்கு நல்லது என்று ஆபிசர்கள் முடிவு செய்வது ஒரு வழி. புள்ளிக் கணக்கு இன்னொரு வழி: 1999-இல் வெளிவந்த எவர்குவெஸ்ட் ஆட்டத்தின் கில்டுகளில் பிறந்தது. ரெய்டுக்கு வந்தால் புள்ளி, பொருள் வாங்கினால் செலவு. அணியின் பலத்துக்கு முதல் வழியே மேல், சந்தேகமில்லை. ஆனால் வாள் ஆபிசரின் நண்பருக்குப் போகும் முதல் நாளே முணுமுணுப்பு தொடங்கும். முடிவு சரியாகவே இருந்தாலும் நம்ப ஆளிருக்காது. புள்ளி முறையில் பழையவர்கள் சேர்த்துவைத்துக்கொண்டு புதியவர்களைக் காயவைக்கும் குறை உண்டு. ஆனாலும் கோபம் கணக்கின் மேல் போகும், ஆளின் மேல் போகாது. அதனால் என் ஓட்டு புள்ளிக்குத்தான்.

ஆபிசர் குழுவுக்கு மருந்தும் உண்டு. 1962-இல் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது கென்னடி சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே போகவில்லை, தான் இல்லாதபோது மற்றவர்கள் தாராளமாகப் பேசட்டும் என்று. கில்டிலும் தலைவர் கடைசியாகப் பேசினால் போதும், பாதி நோய் குறையும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவருக்கு எதிர்த்துப் பேசும் வேலையை முறைவைத்துக் கொடுக்கலாம்.

எல்லோரும் ஓட்டு

கேட்க அழகாக இருக்கும் இந்த முறையில் எனக்கு நம்பிக்கை குறைவு. திறந்த ஓட்டெடுப்பில் முதலில் விழும் பத்து 'தம்ஸ் அப்' மீதி ஓட்டுகளையும் இழுத்துவிடும். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய கோடு அளக்கும் சோதனையில், கண்ணெதிரே இருந்த நீளத்தையே, வேண்டுமென்றே தப்பாகச் சொன்ன கூட்டத்தோடு சேர்ந்து பலர் தப்பாகச் சொன்னார்கள். ஆனால் உண்மையைச் சொல்லும் துணை ஒரே ஒருவர் அறையில் இருந்தபோது அந்தத் தவறுகள் வெகுவாகக் குறைந்தன. அந்த இன்னொரு ஹீலர் பதினோராவது சாவுக்கு முன்பே பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன்.

ஓட்டெடுத்தே தீரவேண்டும் என்றால் ரகசியமாக எடுங்கள்.

எதிரணியோடு சண்டை: வாயைக் கட்டுவதா, வேலையைக் கொடுப்பதா?

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டம் 2004-இல் வந்தபோது, அதில் மோதும் ஹோர்டு, அலையன்ஸ் என்ற இரு தரப்பும் பேசிக்கொள்ளவே வழியில்லை. ஹோர்டு ஆள் 'லால்' (lol) என்று தட்டிச் சிரித்தால் அலையன்ஸ் திரையில் 'கெக்' என்று வரும். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற ஆட்டம் வேறு வழி பிடித்தது. எதிரணியோடு பேசும் வசதியை முதலில் அணைத்தே வைத்து, வேண்டியவர்கள் இயக்கிக்கொள்ளலாம் என்றது. பேச்சின் அளவு பெரிதாகக் குறையவில்லை, கெட்ட பேச்சு நன்றாகவே குறைந்தது. எளிய, நல்ல ஏற்பாடு. ஆனால் வசவைக் குறைப்பது வேறு, பகையைக் குறைப்பது வேறு.

பகைக்கு உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் கண்டதே இன்றும் செல்லும். முகாமுக்கு வந்த 22 சிறுவர்கள் இரு அணியாகப் பிரிந்து மோதினார்கள். ஒன்றாகச் சாப்பிடவைத்தும் பகை தீரவில்லை. தண்ணீர் நின்றுபோய், இரு அணியும் சேர்ந்தால்தான் சரியாகும் என்ற நிலை வந்தபோது இறங்கத் தொடங்கியது. வார்கிராஃப்ட் 2022-இல் இரு தரப்பும் ஒரே ரெய்டில் ஆட வழி திறந்தது. பதினெட்டு வருடம் தாமதம் என்றே எனக்குப் படுகிறது.

இப்போது நான் இருக்கும் கில்டில் சண்டைக்குள் லீடர் சொல்வதே முடிவு. வெளியே ஆபிசர்கள், லூட்டுக்குப் புள்ளி. மூன்றாவது சாவுக்குப் பிறகு லீடர், இருப்பதிலேயே புதியவரிடம்தான் முதலில் கேட்பார். போன வாரம் அந்தப் புதியவர், "நாம நிக்கிற இடமே தப்புன்னு தோணுது" என்றார். முன்னால் நின்று பாஸின் அடியை வாங்கும் டேங்குக்குக் கோபம் வந்தது, பத்து நிமிடம் வாக்குவாதம். இடத்தை மாற்றிப் பார்த்தோம், அன்றைக்கும் பாஸ் விழவில்லை. அடுத்த ரெய்டுக்கு அந்தப் புதியவர்தான் முதல் ஆளாக வந்து நின்றார்.