நாலு சர்வீஸ் காசைப் பிடுங்கிவிட்டார்கள்: பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கோபம் இன்னும் ஆறவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் புக் செய்தால் வாசலுக்கே வந்து காரை எடுத்துப்போய் சர்வீஸ் செய்து திருப்பிக் கொண்டுவந்து விடுகிற கம்பெனி. பெயர் வேண்டாம். கேட்ட வேலை ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர். பில்லில் வந்தது அதற்கு மேல் நாலு புது இன்ஜெக்டர் (என்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் பாகம்), டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) கிளீனிங், என்ஜின் ஃப்ளஷ் (ரசாயனம் ஊற்றி உள்ளே கழுவுவது). கூடுதலாகப் போனது மட்டும் நாலு முழு சர்வீஸுக்கான காசு. எதை எதைச் சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகப் பட்டியல் தருகிறேன்.

வண்டியில் இருந்த குறை: காலையில் ஸ்டார்ட் ஆக இழுக்கும், ஆனதும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை. ஏற்றத்தில் இழுவை இல்லை, மிதித்தால் கறுப்புப் புகை.

நம்ப வைத்தது அவர்கள் அனுப்பிய ஒரு வீடியோ. முதலில் டிப்ஸ்டிக்கை உருவி, "ஆயில் தார் மாதிரி ஆயிடுச்சு பாருங்க சார்" என்றார் மெக்கானிக். டீசல் என்ஜினில் ஆயில் மாற்றிக் கொஞ்ச தூரம் ஓடினாலே கரியைக் கரைத்துக்கொண்டு கறுத்துவிடும், நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அடுத்து டர்போவுக்குப் போகும் பைப்பைக் கழற்றி உள்ளே விரல் விட்டு எண்ணெய்ப் பசையைக் காட்டினார், "சீல் போயிடுச்சு" என்று. அந்தப் பசை பிரீதர் (என்ஜின் உள்காற்றை வெளியே விடும் குழாய்) வழியாக வருகிற ஆயில் ஆவி, எல்லாப் பழைய டீசலிலும் லேசாக இருக்கும். டர்போ போய்விட்டதா என்று பார்க்க ஷாஃப்டைப் பிடித்து ஆட்ட வேண்டும். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கலாம், முன்னும் பின்னும் கைக்குத் தெரிகிற ஆட்டம் இருக்கக் கூடாது. அதை அவர் தொடவே இல்லை.

இந்த இரண்டும் பழைய வித்தை. ஒப்புதல் பட்டனை அழுத்த வைத்தது மூன்றாவதுதான். ஸ்கேனர் திரையில் ரெயில் பிரஷர் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் பொதுக் குழாயின் அழுத்தம்) 270 பார், பக்கத்திலேயே "ஸ்பெக் 1600". கையுறை போட்டுக்கொண்டு, இன்ஜெக்டர் ரிட்டர்ன் லீக் (பீச்சாமல் டேங்குக்கே திரும்பும் டீசல்) என்றால் என்ன என்று தப்பில்லாமல் விளக்குகிறார் ஒருவர். இன்ஜெக்டர் தேய்ந்தால் பிரஷர் இறங்கும் என்பதும் உண்மை. ஆனால் அதே திரையின் மூலையில் பொடி எழுத்தில் 800 ஆர்பிஎம் என்று இருக்கிறது! அது ஐடிலிங், அதாவது வண்டி நிற்க என்ஜின் சும்மா ஓடுவது. காமன் ரெயில் டீசலில் ஐடிலிங்கில் 250, 300 பார் இருப்பதுதான் சரி. 1600 என்பது முழு லோடில் வருவது. சரியாக இருந்த ரெயில் பிரஷரைக் காட்டியே நாலு சர்வீஸ் காசைக் கறந்துவிட்டார்கள்.

வண்டி திரும்பி வந்தது. காலையில் அதே இழுப்பு, அதே புகை. என்ஜின் கவரைத் தூக்கிப் பார்த்தால் இன்ஜெக்டர் கிளாம்ப் போல்ட்டின் தலையில் பழைய அழுக்கு அப்படியே படிந்திருக்கிறது, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் ஒரு கோடு (code, எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி) பொறித்திருக்கும். சர்வீஸ் புத்தகத்தில் குறித்து வைத்திருந்த நாலும், வண்டியில் இருக்கிற நாலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே.

உண்மையான கோளாறு வேறு. நாலு குளோ பிளக்கில் (குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றும் பாகம்) இரண்டு செத்துக் கிடந்தன. மல்டிமீட்டரில் நல்ல பிளக் ஒரு ஓம் அளவில் காட்டும், செத்தது ஒன்றும் காட்டாது. இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸ் கிளாம்புக்கு அடியில் கிழிந்து, சுற்றிலும் எண்ணெயும் புழுதியும் அப்பியிருந்தது. காற்று அங்கே வெளியேறினால் இழுவை போகும், கறுப்புப் புகை வரும். இரண்டையும் சரி செய்ய ஒரு சர்வீஸ் காசில் பாதிகூட ஆகவில்லை.

இனி அவர்கள் பதில்கள். "டெக்னிக்கல் டீமுக்கு ஃபார்வர்ட் பண்ணியிருக்கோம் சார்." பழைய இன்ஜெக்டர் எங்கே? "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு." புதுசின் கோடு? "அது இன்டர்னல் டேட்டா." கோடு மாறவே இல்லை என்று போட்டோ அனுப்பியதும் கதை மாறியது: "முழுசா மாத்தலை சார், உள்ள நாசில் மட்டும் மாத்தினோம்." கழற்றாத இன்ஜெக்டருக்குள் நாசிலை (டீசல் பீச்சும் முனை) எப்படி மாற்றினார்கள்? அப்படியே மாற்றினாலும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ரிப்போர்ட் எடுத்திருக்க வேண்டுமே, அது எங்கே? அதற்குப் பதிலே இல்லை. புகார் "தீர்க்கப்பட்டது" என்று தானாக மூடிக்கொண்டது, கூடவே ஐந்து ஸ்டார் கேட்டு ஒரு மெசேஜ். நாலு சர்வீஸ் காசுக்கு ஸ்டார் வேறு!

பட்டியல் என்றேன். உட்கார்ந்து எழுதப் பொறுமை இல்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான்.

இன்ஜெக்டர் என்று யார் சொன்னாலும் முதலில் லீக்-ஆஃப் டெஸ்ட் (ரிட்டர்னில் திரும்பும் டீசலை அளப்பது) கேளுங்கள். நாலு ரிட்டர்னிலும் குழாய் மாட்டி, நாலு பாட்டிலில் விட்டு, சில நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டால் போதும். எது மற்றதைவிட இரண்டு மூன்று மடங்கு நிரம்புகிறதோ அதில்தான் கோளாறு. தேய்ந்த இன்ஜெக்டர் பெரும்பாலும் சூடான என்ஜினில்தான் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். குளிர்ந்திருக்கும்போது மட்டும் இழுத்தால் முதலில் குளோ பிளக்கைப் பாருங்கள்.

இன்ஜெக்டர் தலைகளை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். மாற்றினால் பில்லில் நாலு கோடும் இருக்க வேண்டும், அடியில் போடுகிற செம்பு வாஷர் புதிதாக இருக்க வேண்டும், கோடு தேவைப்படும் வண்டியில் அதை இசியுவில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஏற்றியிருக்க வேண்டும்.

பழைய பாகங்கள் டிக்கியில் வர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

நிறைய ஓடிய என்ஜினில் ஃப்ளஷ் வேண்டவே வேண்டாம். கழன்று வரும் கசடு ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் பேரிங்குக்கு ஆயில் போகாது. டிபிஎஃப் (புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டியில் சாம்பல் குறைந்த ஆயில் மட்டுமே, காலி டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள்.