டிஸ்கார்டில் புதியவரை வரவேற்க எது நல்லது: ஆன்போர்டிங்கா, பொது பாட்டா, சொந்த பாட்டா?

டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில், தமிழில் பேசிக்கொண்டே பைதான் நிரல்மொழி கற்றுக்கொள்ளும் சிறிய சர்வர் (குழு) ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வருபவர் இடப்பக்கம் வரிசையாக நிற்கும் சேனல்களை (தலைப்புவாரியான அரட்டை அறைகளை) பார்ப்பார், எதில் எழுதுவது என்று புரியாது, ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விடுவார். இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இதற்குக் கிடைக்கும் மூன்று வழிகளையும் எங்கள் சர்வரிலேயே ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் டிஸ்கார்டே தரும் ஆன்போர்டிங். 2023-இல் வந்த வசதி இது. சர்வர் அமைப்புகளில் கம்யூனிட்டி என்ற தெரிவை இயக்கியிருக்க வேண்டும். உள்ளே வருபவரிடம் சில கேள்விகள் கேட்கும். அவர் தேர்ந்தெடுக்கும் பதிலுக்கு ஏற்ப ரோலும் (என்ன பார்க்கலாம், செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கும் பட்டம்) சேனல்களும் கிடைக்கும். ‘இப்போதுதான் தொடங்குகிறேன்’ என்பவருக்கு அடிப்படைச் சேனல்கள் மட்டும் தெரிந்தால் போதுமே, மற்றவற்றைக் காட்டி ஏன் பயமுறுத்த வேண்டும்? தனியாக எதையும் இயக்கத் தேவையில்லை என்பதால் நள்ளிரவில் நின்றுபோகுமோ என்ற கவலையும் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: குறைந்தது 7 சேனல்கள் எல்லோருக்கும் இயல்பாகத் தெரிய வேண்டும், அவற்றில் 5-இல் எல்லோரும் எழுதவும் முடிய வேண்டும். சின்ன சர்வருக்கு இது இடைஞ்சல்தான். இதற்காகவே வெற்றுச் சேனல்களைத் திறக்காதீர்கள்; ஆளில்லாத சேனல் புதியவரை இன்னும் ஒதுங்க வைக்கும். இன்னொரு குறை, கேள்விக்குச் சொந்த வார்த்தையில் பதில் எழுத இடமில்லை, கொடுத்த பதில்களில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்து கார்ல்-பாட், மீ6, டைனோ போன்ற பொது பாட்கள். பாட் என்பது உறுப்பினர் போலச் சர்வரில் சேர்ந்து தானாக வேலை செய்யும் நிரல்; இவை வேறு யாரோ எழுதி எல்லோருக்கும் தருபவை. நிரல் எழுத வேண்டாம். இணையத்தில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் வரவேற்புச் செய்தியை எழுதி, சேனலைக் காட்டினால் வேலை முடிந்தது. மீ6 உறுப்பினரின் பெயரும் படமும் போட்ட வரவேற்பு அட்டை தரும். ஆனால் அதன் பல வசதிகள் கட்டணத்துக்குள் இருக்கின்றன. கார்ல்-பாட்டில் எமோஜியை அழுத்தினால் ரோல் கிடைக்கும் வசதியை இலவசமாகவே தாராளமாகப் பயன்படுத்தலாம். இந்த வகையில் என் தேர்வு அதுதான்.

பொது பாட்டைச் சேர்த்தவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ரோல் பட்டியலில் பாட்டின் ரோல், அது கொடுக்க வேண்டிய ரோலுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் ரோல்களை நிர்வகிக்கும் அனுமதி கொடுத்திருந்தாலும் வேலை செய்யாது. இது புரியாமல் பலர் அட்மின் அனுமதியையே தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்போதும் வேலை செய்யாது, ஆபத்து மட்டும் கூடும். இன்னொன்று, சேர்ந்த நொடியிலேயே தானாக ரோல் கொடுக்கும் அமைப்பு. விதிகளைப் படித்து ஒப்புக்கொண்ட பிறகே பேசலாம் என்று நீங்கள் வைத்திருந்தால், அந்த ரோல் கிடைத்தவர் விதிப் பக்கத்தைத் தாண்டி நேராக உள்ளே வந்துவிடுவார். அவர் ஒப்புக்கொள்ளும் வரை காத்திருந்துதான் ரோல் கொடுக்க வேண்டும்.

சரி, சொந்த பாட்? டிஸ்கார்ட்.பை என்ற பைதான் நூலகத்தில் நூறு வரிக்குள் எழுதிவிடலாம். டிஸ்கார்டின் டெவலப்பர் பக்கத்தில் உறுப்பினர் விவரங்களுக்கான இன்டென்ட்டை (அந்தத் தகவலைப் பெறும் அனுமதியை) இயக்க வேண்டும், நிரலிலும் அதையே கேட்க வேண்டும். நிரலில் மட்டும் கேட்டால் பாட் கிளம்பும்போதே பிழை காட்டி நின்றுவிடும். பக்கத்தில் மட்டும் இயக்கினால் பிழையே வராது. யார் சேர்ந்தாலும் பாட் அமைதியாக இருக்கும். ஒரு மாலை முழுவதும் இதில் போனது எனக்கு. பட்டன் வைத்தால் அதற்கு நிலையான அடையாளம் கொடுத்து, காலக்கெடுவை நீக்கி, பாட் தொடங்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் பாட்டை மறுபடி இயக்கியதும் பழைய பட்டன்கள் செத்துவிடும். பாட் டிஸ்கார்டில் நுழையப் பயன்படும் ரகசியச் சாவியான டோக்கனைக் கடவுச்சொல் போலக் காப்பாற்றுங்கள், நிரலோடு சேர்த்துப் பொதுவெளியில் ஏற்றிவிடாதீர்கள்.

தமிழில் வரவேற்பு அட்டை வரைய ஆசைப்படுபவர்களுக்கு: படம் வரைய உதவும் பைதானின் பில்லோ நூலகத்தில் சாதாரண முறையில் எழுதினால் ‘செல்வி’யின் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நிற்கும். ராக்ம், ஃப்ரிபிடி என்ற துணை நூலகங்கள் இரண்டும் இருந்தால்தான் எழுத்துகள் சரியாகக் கோக்கும். முதல் அட்டையில் ஒருவருடைய பெயர் இப்படிச் சிதைந்து வந்தபோது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. வரவேற்கும்போது பெயரையே தப்பாக எழுதுவது எவ்வளவு பெரிய குறை! அதைச் சரிசெய்யாமல் அட்டையை மறுபடி அனுப்பவில்லை.

தனிச்செய்தி அனுப்பும் யோசனையை மூன்று வழியிலும் விட்டுவிடலாம். சர்வர் உறுப்பினர்களிடமிருந்து தனிச்செய்தி வேண்டாம் என்று பலர் அடைத்து வைத்திருப்பார்கள். சேர்பவருக்கெல்லாம் பாட் செய்தி அனுப்பினால் ஸ்பாம் என்று கணக்கே முடங்கவும் கூடும்.

நிரல் பக்கமே போக விருப்பமில்லாதவர்களுக்கு ஆன்போர்டிங் போதும். அதன் சேனல் நிபந்தனை ஒத்துவராத சின்ன சர்வருக்கு கார்ல்-பாட். எங்களுக்கு எது தேவைப்பட்டது என்றால், ரோல் கொடுக்க ஆன்போர்டிங், பேச்சைத் தொடங்க சொந்த பாட். ஆன்போர்டிங்கை ஒருவர் முடித்துவிட்டார் என்பதை உறுப்பினர் விவரத்தில் உள்ள அடையாளத்திலிருந்து பாட் தெரிந்துகொள்ளும். உடனே அவருக்கென ஒரு தனி த்ரெட் (சேனலுக்குள் தனி உரையாடல்) திறந்து, அந்த வாரம் பொறுப்பில் இருக்கும் நண்பர் ஒருவரையும் அதில் சேர்த்துவிடும். பாட் அங்கே எழுதுவது ஒரே வரி: ‘வணக்கம், இப்போது எதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?’ அப்புறம் பேசுவது அந்த நண்பர்தான்.