ஸ்லீப்பரின் குளிர்ச்சிக்கு டீசல் ஏபியூவா, மின்கல ஏபியூவா?

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரியில் சரக்கு ஏற்றிச் செல்பவர் அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். அதன் பிறகு 10 மணி நேரம் ஓய்வில் இருந்தாக வேண்டும். அந்த ஓய்வு முழுவதும் கழிவது, இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள ஸ்லீப்பர் என்னும் சிறிய அறையில்தான். இரவெல்லாம் வியர்வையில் புரண்ட ஒருவர், காலையில் 80,000 பவுண்டு எடையோடு சாலையில் இறங்குவதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. ஆகவே, அந்த அறையைக் குளிர்விக்கும் துணை மின் அலகை, அதாவது ஏபியூவை, வண்டியின் மற்ற பாகங்களைப் போலவே யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்னுடைய முதல் வண்டியில் நான்கு ஆண்டுகள் டீசல் ஏபியூ இருந்தது. இப்போதைய வண்டியில் இரண்டு கோடைகளாக மின்கல ஏபியூ இருக்கிறது. மறுபடியும் தேர்ந்தெடுக்க நேர்ந்தாலும் மின்கலத்தையே தேர்ந்தெடுப்பேன்.

ஏபியூ இல்லாமல் வண்டியின் என்ஜினையே இரவு முழுவதும் ஓடவிடலாமே என்ற கேள்விக்கு விடை எளிது. நின்ற இடத்திலேயே ஓடும் பெரிய என்ஜின் மணிக்குச் சுமார் 0.8 கேலன் டீசல் குடிக்கும். ஓர் இரவுக்கு 8 கேலன். குறைந்த வெப்பத்தில் ஓடுவதால் புகைவடிகட்டியான டிபிஎஃப்பில் கரியும் சேரும். கலிபோர்னியாவில் ஸ்லீப்பர் வண்டிகளுக்கும், நின்றபடி என்ஜினை ஓடவிட ஐந்து நிமிட வரம்பு 2008 முதல் நடைமுறையில் உள்ளது. நிறுத்துமிடத்தில் மின்சாரம் கிடைத்தால் அதுவே சிறந்தது; ஆனால் அத்தகைய இடங்கள் குறைவு என்பதால் அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட முடியாது.

டீசல் ஏபியூவின் பலத்தை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. இரண்டு சிலிண்டர் கொண்ட சிறிய என்ஜின் ஒன்று மணிக்கு 0.2 அல்லது 0.3 கேலன் டீசலில் ஏசியை ஓட்டும், மின்கலங்களுக்குச் சார்ஜ் ஏற்றும். அதன் குளிர்விக்கும் திறன், மணிக்கு வெளியேற்றும் வெப்பத்தை அளக்கும் பிடியூ கணக்கில், 13,000 அளவில் இருக்கும். மின்கல வகைகள் பெரும்பாலும் 10,000 பிடியூவுக்குள் அடங்கிவிடும். தொட்டியில் டீசல் இருக்கும் வரை அது நிற்காது. வாரத்துக்கான வேலை நேர வரம்பின் கணக்கைப் புதிதாகத் தொடங்க 34 மணி நேரம் ஒரே இடத்தில் வெயிலில் நிற்பவருக்கு இது பெரிய நிம்மதி.

ஆயினும் நான் அதை விட்டு விலகியதற்குக் காரணம் பராமரிப்பு. டீசல் ஏபியூவை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது இரண்டாவது என்ஜின் ஒன்றை. அதற்கும் தனி ஆயில், ஆயில் ஃபில்டர், எரிபொருள் ஃபில்டர், காற்று ஃபில்டர், பெல்ட், கூலன்ட் எல்லாம் உண்டு. இதன் தேய்மானத்தை மைலில் அளக்க முடியாது. மணிக்கணக்கில்தான் அளக்க வேண்டும். ஓர் இரவுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 250 இரவுகள் என்றால் 2,500 மணி நேரம். ஆயில் மாற்றும் இடைவெளி 1,000 மணி நேரம் என்று வைத்தாலும், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வண்டியை அதற்காகவே நிறுத்த வேண்டும். அது பொருத்தப்படும் இடமோ வண்டியின் அடிச்சட்டத்தின் பக்கவாட்டில், சாலைத் தூசியும் குளிர்காலத்து உப்பும் நேராக வந்து அடிக்கும் இடம். என் முதல் வண்டியில் பெல்ட்டும் வயரிங்கும் தந்த தொல்லைக்கு அந்த இருப்பிடமே பெரும் காரணம் என்பது என் கணிப்பு.

இதைவிடக் கடினமானது பழுதுபார்ப்பவரைத் தேடுவது. வண்டியின் என்ஜினைக் கவனிக்கும் பணிமனை பல நேரங்களில் ஏபியூவைத் தொடுவதில்லை. அந்த ஏபியூ நிறுவனத்தின் முகவரிடம் தனியாகப் போக வேண்டியிருக்கிறது. ஒருமுறை ஜூலை மாதத்தில் கம்ப்ரசர் பெல்ட் அறுந்தபோது, மூன்று நாள் கழித்துத்தான் எனக்கு இடம் ஒதுக்கினார்கள். பெல்ட்டுக்கான செலவு பெரிதன்று. ஓட்டமில்லாத நாள்களுக்கு வருமானமில்லை என்பதே இழப்பு. 2007 அல்லது அதற்குப் பிந்தைய என்ஜின் கொண்ட வண்டி கலிபோர்னியாவுக்குள் போவதானால், டீசல் ஏபியூவுக்கும் தனி டிபிஎஃப் வேண்டும், அல்லது அதன் புகையை வண்டியின் டிபிஎஃப் வழியாகத் திருப்பிவிட வேண்டும். பராமரிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் இதுவும் சேர்கிறது.

மின்கல ஏபியூவில் இவற்றின் இடத்தில் இருப்பவை மின்கலங்களும் மின்சாரக் கம்ப்ரசரும்தான். மாதம் ஒருமுறை இணைப்புகளின் இறுக்கத்தைப் பார்ப்பதும், கண்டென்சரில் படிந்த தூசியை ஊதி எடுப்பதும், உள் ஃபில்டரைக் கழுவுவதும் தவிர நான் இதுவரை வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் எந்த மின்கலம் என்பதில் கவனம் வேண்டும். 100 ஆம்பியர்-மணி கொண்ட நான்கு ஏஜிஎம் (ஈய-அமில வகை) மின்கலங்களில் ஏறக்குறைய 4.8 யூனிட் மின்சாரம் இருந்தாலும், ஆயுளைக் காக்கப் பாதியை மட்டுமே எடுக்கலாம். குளிர்விக்கச் சராசரியாக 450 வாட் செலவானால், விடியும் முன்பே அது தீர்ந்துவிடும். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலங்கள் 4.5 யூனிட் வரை தருவதால் 10 மணி நேரம் தாங்குகிறது. லித்தியம் வேகமாகச் சார்ஜ் ஏற்கும் இயல்புடையது. அதனால் வண்டியின் என்ஜின் சுழற்சியில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் அளவுக்கு மீறிச் சூடாகாதபடி, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜரை இடையில் பொருத்தியே ஆக வேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்யும் மின்கலங்களையும் தனியே பிரித்து வைக்க வேண்டும். இல்லையெனில் குளிர்ந்த அறையில் நன்றாகத் தூங்கி எழுந்தும் வண்டி கிளம்பாத நிலை வரும்.

சார்ஜ் ஏற்றுவதும் இலவசமன்று. ஆல்டர்னேட்டர் இழுக்கும் சக்தியும் டீசலிலிருந்தே வருகிறது. என் கணக்கில் ஓர் இரவுக்கான சார்ஜுக்கு ஒரு கேலனுக்கும் குறைவாகவே செலவாகிறது. டீசல் ஏபியூ அதே இரவில் இரண்டு மூன்று கேலன் எடுத்துக்கொண்டது. குளிர்காலத்துக்கு இரண்டு வகையிலும் நான் நம்புவது, மிகக் குறைந்த டீசலில் ஓடும் சிறிய எரிவெப்பமூட்டியைத்தான். லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதால், வெப்பமூட்டி உள்ளமைந்த மின்கலங்களையே வாங்கினேன்.

இந்த மின்கலங்கள் ஐந்தாவது கோடையிலும் இதே அளவு தாங்குமா என்று இரண்டு கோடை அனுபவத்தை வைத்து உறுதி சொல்ல எனக்குத் தகுதியில்லை. பழைய வண்டியாக விற்கும்போது எந்த வகைக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்பதும் நான் இன்னும் சோதித்துப் பார்க்காத ஒன்று. டெக்சாஸ், அரிசோனா பக்கம் ஆகஸ்ட் மாதத்தில் அடிக்கடி 34 மணி நேரம் நிற்பவரிடம் மின்கல ஏபியூவை வாங்குங்கள் என்று நான் வற்புறுத்த மாட்டேன். எனக்கு அப்படி நேர்ந்த இரண்டு முறைகளில், ஒருமுறை மின்சார வசதியுள்ள நிறுத்துமிடத்தைத் தேடிப் போனேன். மற்றொருமுறை மாலையில் சட்டம் தடுக்காத இடத்தில் பெரிய என்ஜினைச் சில மணி நேரம் ஓடவிட்டுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டேன்.