என்கோட் செய்த பிஎச்பி ஃபைல்கள்: பல வருட அனுபவம்

லினக்ஸ் சர்வர்களில் என்கோட் செய்த, அதாவது மூலக் கோடைப் பிறர் படிக்க முடியாதபடி மறைத்துத் தரும், பிஎச்பி (வலைத்தளங்களுக்கான நிரல்மொழி) மென்பொருள்களைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். அப்படி மறைக்கும் கருவி பெரும்பாலும் அயன்கியூப், சில இடங்களில் சோர்ஸ்கார்டியன். அன்றாட ஓட்டத்தில் இவை தொல்லை தருவதில்லை. தலைவலி எல்லாம் பிஎச்பி வெர்ஷனை மாற்றும்போதுதான்.

இந்த ஃபைல்களைப் படித்து ஓட்டும் நீட்சியான லோடரைப் போடுவது சுலபம். பிஎச்பி வெர்ஷனுக்கும் ப்ராசஸருக்கும் பொருந்தும் ஃபைலை எடுத்து வைத்து, பிஎச்பியின் அமைப்புகள் இருக்கும் ஐஎன்ஐ ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் அந்த வரி, பிஎச்பியை வேகப்படுத்தும் ஓபிகேஷ் நீட்சிக்கு முன்னால் வர வேண்டும். டெபியன், உபுண்டுவில் ஐஎன்ஐ ஃபைல்கள் பெயர் வரிசைப்படி படிக்கப்படும். ஓபிகேஷ் ஃபைலின் பெயர் 10 என்று தொடங்கும். அதனால் லோடருக்கு 00 என்று தொடங்கும் பெயர் வைக்கிறேன். அங்கே எஃப்பிஎம்முக்கும் (தளங்களுக்காக பிஎச்பியை ஓட்டுவது) சிஎல்ஐக்கும் (கமாண்ட் லைனில் ஓட்டுவது) தனித்தனி டைரக்டரி. எஃப்பிஎம்மில் மட்டும் போட்டால் தளம் நன்றாகத் திறக்கும், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள் மட்டும் லோடர் இல்லை என்று நின்றுவிடும். டாக்கர் போன்ற கன்டெய்னர் என்றால் ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் இமேஜைத் தவிர்க்கிறேன். அயன்கியூபின் வழக்கமான லினக்ஸ் லோடர் ஜிலிப்சி என்ற அடிப்படை சி லைப்ரரியை நம்பி இருக்கிறது, ஆல்பைனில் இருப்பதோ மசில் என்ற வேறொரு லைப்ரரி.

வெர்ஷன் விஷயத்துக்கு வருவோம். 7.4-க்கு என்கோட் செய்த ஃபைல் 8.1-இல் ஓடாது, புது லோடர் போட்டாலும்கூட. விற்றவர்தான் மறுபடி என்கோட் செய்து தர வேண்டும். பிஎச்பி 8.0-க்கு அயன்கியூப் லோடரே வரவில்லை என்பதால் நேராக 8.1-க்கோ அதற்கு மேலோதான் தாவ முடியும். 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பில்லிங் மென்பொருளின் நிறுவனம் புதுப் பதிப்பைத் தராமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. காசு கொடுத்து வாங்கியவர்களை இப்படிக் காக்க வைப்பது அநியாயம். வேறு வழியில்லாமல் அந்தத் தளத்தை மட்டும் 7.4 எஃப்பிஎம்மில் ஒரு தனி பூலில் (ப்ராசஸ் குழுவில்), தனி யூசரில் ஒதுக்கி வைத்தேன். மற்றவற்றை 8.1-க்கு மாற்றி, எஞ்சின்எக்ஸ் வெப் சர்வரில் ஒவ்வொரு தளத்துக்கும் உரிய எஃப்பிஎம் சாக்கெட்டைக் (இணைப்பு முனையைக்) காட்டிவிட்டேன். இந்த ஏற்பாடு நன்றாகவே நின்றது.

எரர் வந்தால் ஆராய்வது கடினம். ஃபைலைத் திறந்தால் லோடர் இருக்கிறதா என்று பார்க்கும் சின்னக் கோட் மேலே தெரியும், அப்புறம் முழுக்க எழுத்துக் குவியல். டிகோட் செய்து தருகிறோம் என்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அது உரிம மீறல். திரும்பி வரும் கோடில் எதைச் சொருகியிருப்பார்கள் என்பதும் தெரியாது.

இப்போதெல்லாம் வாங்குவதற்கு முன்பே, புது பிஎச்பிக்கு எப்போது பதிப்பு தருவீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குகிறேன். மழுப்பினால் வேறு மென்பொருள் தேடுகிறேன்.