பில்லில் புது ஃபில்டர், மெஷினில் பெயிண்ட் அடித்த பழசு

புதுவயல் பக்கம் ஒரு ரைஸ் மில். நிறம் மாறிய அரிசியைப் பிரிக்கும் கலர் சார்ட்டருக்குக் காற்று தரும் ஸ்க்ரூ கம்ப்ரஸருக்கு 2000 மணி நேர சர்வீஸ் முடிந்ததாக ஒப்பந்தக்காரர் பில் போட்டார்: கூலன்ட் (கம்ப்ரஸருக்குள் ஓடும் ஆயில்) ஃபில்டர் ஒன்று, கூலன்ட் டாப்-அப். கொஞ்ச நாளில் மெஷின் 110 டிகிரி சூட்டில் ட்ரிப் ஆகித் தானாக நின்றது. கேட்டால், "வெயில் காலம்ணே, அப்படித்தான் இருக்கும்" என்று பதில்.

கழற்றினால் பழைய ஃபில்டர்! டீசலில் அலசி, மேலே ஸ்ப்ரே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். மடிப்புத் தாளுக்குள் புகுந்த அழுக்கு டீசலில் போகாது. உள்ளே தங்கும் டீசல் கூலன்ட்டையும் நீர்த்துப்போகச் செய்யும். டாப்-அப் அதைவிட மோசம். பாலிகிளைக்கால் என்ற செயற்கை ஆயில் கூலன்ட்டாக ஓடும் மெஷினில் சாதா மினரல் ஆயிலை ஊற்றியதால் இரண்டும் சேர்ந்து கூழாகி ஃபில்டரை அடைத்துவிட்டது.

ஃபில்டர் அடைத்தால் ஆயில் வரத்து குறையும், சூடு ஏறும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் கூடியதும், ஆயிலை ஃபில்டரைச் சுற்றி விடும் பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். அப்புறம் உமித் தூசியும் உலோகத் துகளும் வடிகட்டாமல் நேரே ஏர் எண்ட் (காற்றை அழுத்தும் ஸ்க்ரூ உள்ள பகுதி) பேரிங்குக்குப் போகும். மெஷின் ஓடிக்கொண்டேதான் இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஏர் எண்ட் போனால் வரும் செலவுக்கு முன்னால் ஃபில்டர் விலை ஒன்றுமே இல்லை.

சர்வீஸுக்கு ஆள் வந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய ஃபில்டர் கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். புதுசின் உடம்பில் தேதியும் ஹவர் மீட்டர் கணக்கும் மார்க்கரில் எழுதச் சொல்லுங்கள். ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்தினால் மீள வேண்டும். தட்டையாக இறுகியிருந்தால் பழசு. மரை ஓரத்தில் பெயிண்ட் படிந்திருந்தாலும் சந்தேகம்தான்.

மாட்டும்போது மெயினை அணைத்து, சம்ப் (ஆயில் தொட்டி) பிரஷர் பூஜ்யம் ஆனபிறகே கழற்ற வேண்டும். வளையத்தில் கூலன்ட் தடவி, வளையம் தொட்டபின் கையாலேயே அரை முதல் முக்கால் சுற்று. செயின் ஸ்பானர் போட்டு இறுக்கினால் வளையம் பிதுங்கி ஒழுகும்.

கழற்றிய பழசை அறுத்துப் பாருங்கள். மினுமினுக்கும் துகள் என்றால் பேரிங் தேய்கிறது. கூழ் என்றால் ஆயில் கலப்பு. அப்படி இருந்தால் வெறுமனே வடித்துவிட்டுப் புதுசு ஊற்றுவது போதாது, கூலரிலும் ஹோஸிலும் பழசு நிற்கும். சரியான கூலன்ட்டால் ஃப்ளஷ் செய்து, ஓட்டி, சூட்டோடு வடித்து, ஃபில்டரை இன்னொரு முறை மாற்ற வேண்டும். காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் செபரேட்டரையும் சேர்த்துப் பாருங்கள், கூழ் அதிலும் ஏறியிருக்கும்.