விண்டோஸ் இமேஜில் கத்தி வைக்குமுன்: டிஸ்ம், என்.டி.லைட், டைனி11, எல்.டி.எஸ்.சி.

வெட்டிச் சுருக்கிய விண்டோஸ் இமேஜை, அதாவது வேண்டாத பாகங்களை நீக்கிய நிறுவல் கோப்பை, நிறுவிய அன்று பார்த்து மெச்சுவதில் பயனில்லை. அன்று எல்லாமே பறக்கத்தான் செய்யும். மைக்ரோசாஃப்ட் மாதாந்திர அப்டேட்டை வெளியிடும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரட்டும். அதை அந்த இமேஜ் விழுங்குகிறதா, பாதியில் துப்புகிறதா என்பதுதான் எனக்கு அளவுகோல். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்தக் கோலால் அளந்ததே. எத்தனை மெகாபைட் மிச்சம் என்று போட்டி போடுகிறவர்களுக்கு இது சுவைக்காது.

காரணம் எளிது. விண்டோஸ் தன் பாகங்களையெல்லாம் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கோப்புறையில் வைத்து, எது எந்தப் பதிப்பு, எது எதைச் சார்ந்தது என்று கணக்கும் எழுதி வைத்திருக்கிறது. அப்டேட் வரும்போது முதலில் இந்தக் கணக்கைத்தான் புரட்டிப் பார்க்கும். கணக்கில் இருக்கிற பாகம் வட்டில் இல்லையென்றால் வேலை அங்கேயே நின்றுவிடும். பட்டாவை மாற்றாமல் நிலத்தைக் கைமாற்றியவன் பின்னால் படும் பாடுதான்.

கணக்கை மதித்து நீக்குவது டிஸ்ம் என்ற மைக்ரோசாஃப்ட்டின் கட்டளைக் கருவி. விண்டோஸ் 7 வந்த 2009 முதல் கூடவே வருகிறது. காசு இல்லை, முகப்பழகும் இல்லை. இமேஜை ஒரு காலிக் கோப்புறையில் ஏற்றி, கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். முன்கூட்டியே திணிக்கப்பட்ட ஸ்டோர் செயலிகள், விருப்ப வசதிகள், மொழிப் பொதிகள், அப்டேட்டுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டளை உண்டு. வேலை முடிந்து இறக்கும்போது அந்தக் கோப்புறை எக்ஸ்ப்ளோரரில் திறந்திருந்தால் இறக்கம் அரைகுறையாக நின்று, அதைச் சுத்தம் செய்யத் தனிக் கட்டளை தேட வேண்டியிருக்கும். இந்தத் தொழிலில் பாதி நேரம் இப்படித்தான் போகிறது.

வேண்டாத அப்டேட்டை எடுப்பது என்பதன் பொருளே இப்போது மாறிவிட்டது. விண்டோஸ் 7 காலத்தில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் எண் இருந்தது. விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லி நச்சரித்த 3035583-ஐ மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம். 2016 அக்டோபரில் விண்டோஸ் 7-க்கும் மாதாந்திரத் தொகுப்பு வந்தது. விண்டோஸ் 10-லோ தொடக்கத்திலிருந்தே எல்லாம் ஒரே மூட்டை. அரிசியில் கல் பொறுக்கும் வேலை முடிந்தது. பிடிக்காத ஒரு மாற்றத்துக்காக அந்த மாதத்தின் பாதுகாப்புத் திருத்தம் அனைத்தையும் சேர்த்துத்தான் தூக்கியெறிய முடியும்.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. 2021 பிப்ரவரியிலிருந்து, அப்டேட்டை நிறுவும் பொறிக்கான திருத்தமும் அதே மூட்டைக்குள் வருகிறது. அந்தப் பொறித் திருத்தம் ஒருமுறை உள்ளே போனால் வெளியே வராது. ஆகவே பழைய வழியில் மூட்டையை மொத்தமாக நீக்கச் சொன்னால் விண்டோஸ் மறுக்கும். டிஸ்மிடம் பொதிகளின் பட்டியலைக் கேட்டு, அதில் ‘ரோலப்ஃபிக்ஸ்’ என்று பெயர் தாங்கியதை மட்டும் நீக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொரு வழி அடைபட்டுப்போவது நம் கையாலேயே. இடம் மிச்சம் பிடிக்க, பழைய பாகங்களைத் துடைக்கும் கட்டளையோடு ‘ரீசெட்பேஸ்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் இமேஜ் நன்றாகவே இளைக்கும். அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் எந்த அப்டேட்டையும் திரும்ப எடுக்க முடியாது. நான் ஒருமுறை மூல இமேஜின் மீதே இதைச் செய்து சேமித்தேன். மறுநாள் ஒரு பழைய அச்சு இயந்திரம் அந்த மாத அப்டேட்டோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது. நகல் வைக்காத குற்றம் என்னுடையதுதான்; ஐந்து ஜிபி கோப்பைக் கைப்பேசி இணைப்பில் மறுபடி இறக்கியது அதற்கான அபராதம்.

டிஸ்மின் எல்லையும் இங்கேதான். நிரந்தரம் என்று கணக்கில் குறிக்கப்பட்டதை அது தொடாது. எட்ஜ் உலாவி, டிஃபெண்டர் வைரஸ் தடுப்பு போன்றவற்றை நீக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் என்.டி.லைட் என்ற செயலிக்குப் போகிறார்கள்.

எக்ஸ்பி காலத்து என்லைட், விஸ்டா காலத்து விலைட் இரண்டையும் செய்த கையிலிருந்தே வந்தது என்.டி.லைட். பாகங்களின் பட்டியலைக் கிளை கிளையாக விரித்துக் காட்டும்; டிக்கை எடுத்தால் பாகம் போகும். இதன் உண்மையான மதிப்பு வெட்டுவதில் இல்லை, எச்சரிப்பதில் இருக்கிறது என்பேன். ‘எனக்கு அச்சு வேலை செய்ய வேண்டும், அப்டேட் வேண்டும்’ என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால், அவற்றுக்குத் தேவையான பாகங்களைப் பூட்டி வைக்கும். செய்த தேர்வுகளை ஒரு கோப்பில் சேமித்து அடுத்த இமேஜிலும் அப்படியே ஓட்டலாம். இலவசப் பதிப்பில் கட்டுப்பாடுகள் உண்டு. தொழிலுக்குப் பயன்படுத்தக் காசு கட்ட வேண்டும். டிஸ்ம் தொடாததையும் இது வெட்டுவதால், பூட்டுகளைத் திறந்துவிட்டு விளையாடினால் இரண்டாவது செவ்வாய்க்கிழமைக்குப் பொறுப்பு உங்களுடையது. முழு அப்டேட் மூட்டை வரும்போது நீக்கிய சில பாகங்கள் மீண்டும் முளைப்பதும் உண்டு.

எம்.எஸ்.எம்.ஜி. டூல்கிட் இதே வேலையை இலவசமாக, எண்ணைத் தட்டும் பட்டியல் முறையில் செய்கிறது. பூட்டிவைக்கும் அந்தக் கவனம் இதில் குறைவு. அடுத்ததுக்குப் போகலாம்.

விண்டோஸ் 11-ஐச் சுருக்குவதாக 2023-ல் பெயர் பரவிய டைனி11-ஐப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு வேறு பொருள்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து நீங்களே இறக்கிய ஐஎஸ்ஓவை (நிறுவல் வட்டின் கோப்பு வடிவம்) உங்கள் கண் முன்னே குறைக்கும் பவர்ஷெல் நிரல். உள்ளே ஓடுவது பெரும்பாலும் டிஸ்ம்தான். என்ன நீக்குகிறது என்பதை வரி வரியாகப் படிக்கலாம், பிடிக்காத வரியை அழிக்கலாம். எட்ஜைக் கோப்பாகவே அழித்துவிடுகிறது. அவுட்லுக் சில நாளில் திரும்பி வரலாம். ஆனால் அப்டேட் ஏற்கும். மற்றொன்று அதன் ‘கோர்’ வடிவம். அது வின்எஸ்எக்ஸ்எஸ்ஸையே சுரண்டிவிடுகிறது. அப்டேட் இல்லை, புதிய வசதி இல்லை, மொழி சேர்க்க முடியாது.

தமிழ் ஆவணங்களோடு வாழ்கிறவர்கள் இந்தக் கடைசிச் சொற்களைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10 முதல் லதா, விஜயா எழுத்துருக்கள் கூடுதல் பொதியாகத்தான் கிடைக்கின்றன. இயல்பாக இருப்பது நிர்மலா மட்டுமே. லதாவில் தட்டிய பழைய கோப்புகளின் பக்க அமைப்பு குலையாமல் இருக்க அந்தப் பொதியைச் சேர்க்க வேண்டும், கோரில் அது நடக்காது. எழுத்துருக் கோப்பை வேறு கணினியிலிருந்து கொண்டுவந்து போட்டு ஒப்பேற்றலாம், அவ்வளவுதான். சோதனைக்கான மெய்நிகர் கணினிக்குக் கோர் பொருந்தும். கணக்கு வழக்கும் வங்கியும் பார்க்கிற கணினியில் அதைப் போட்டுக் கொடுப்பவரை நான் நம்பமாட்டேன். யாரோ சுருக்கி எங்கோ ஏற்றி வைத்த ஆயத்த ஐஎஸ்ஓக்கள் இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வரவில்லை.

வெட்டவே வேண்டாத வழியும் உண்டு: எல்.டி.எஸ்.சி. என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு. ஸ்டோரும் அதைச் சார்ந்த செயலிக் கூட்டமும் இல்லாமலேயே மைக்ரோசாஃப்ட் தருவது. பாதுகாப்புத் திருத்தம் மாதந்தோறும் வரும், புதிய வசதிகள் வந்து தலையைத் திருகாது. விண்டோஸ் 10-ன் 2021 எல்.டி.எஸ்.சி.க்கு 2027 ஜனவரி வரை ஆதரவு. தனிப்பயன் கருவிகளுக்கான அதன் ஐஓடி வடிவத்துக்கு 2032 ஜனவரி வரை. விண்டோஸ் 11-ன் 2024 பதிப்புக்கு முறையே 2029, 2034. தொழில்நுட்பமாகப் பார்த்தால் போட்டியே இல்லை. தடை உரிமத்தில்: நிறுவனங்களுக்கு மொத்தமாக, அல்லது கருவி தயாரிப்பாளர்கள் வழியாக விற்கப்படுவது அது. வீட்டுக்கு ஒன்று நேர்வழியில் வாங்குவது பெரும்பாடு. அதனால்தான் நம்மில் பலர் புரோ பதிப்பை வைத்துக்கொண்டு கத்தியைத் தீட்டுகிறோம்.

பலர் ஏமாறும் ஓர் இடம்: இமேஜில் இருக்கும் ஆறேழு பதிப்புகளில் புரோவை மட்டும் விட்டு மற்றதை நீக்கினால் கோப்பு ஆறில் ஒன்றாகிவிடாது. இமேஜைத் தாங்கும் விம் கோப்பில் பொதுவான கோப்புகள் ஒரே ஒருமுறைதான் சேமிக்கப்படுகின்றன, மிச்சமாவது சொற்பமே.

உரிமம் கிடைக்காத இடத்தில் நான் செய்வது: ஸ்டோர் செயலிகளை டிஸ்மால் நீக்குவேன், அப்டேட்டைத் தொடமாட்டேன், ரீசெட்பேஸை நகலின் மீது மட்டும் ஓட்டுவேன். எட்ஜை அப்படியே விட்டுவிடுவேன். வெட்டுவதற்கு வேண்டுமென்றே ஒரு மாதம் பழைய இமேஜை எடுத்து, மெய்நிகர் கணினியில் நிறுவி, இந்த மாத அப்டேட்டைக் கொடுத்துப் பார்ப்பேன். ஏற்றுக்கொண்டு மறுதொடக்கமும் ஆன பிறகுதான் பென்டிரைவில் ஏற்றுவேன்.